கரமனை அலமாரியில் ஒரு பிரேசில்

இசைத்தட்டு சேர்ப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை தட்டு இருக்கிறது?" என்பதுதான். கரமனையில் என்னிடம் வருபவர்கள் இரண்டாவதாக ஒன்றும் கேட்பார்கள். "சார், பாகவதர் இருக்கிறார், விஸ்வநாதன் இருக்கிறார், எல்லாம் சரி. நடுவில் இந்த பிரேசில் நாட்டு சினிமாப் பாட்டு எதற்கு?"

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. எண்ணிக்கையால் ஆவது ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் பிரேசிலில் புறப்பட்டு, பம்பாய், சென்னை வழியாக நம் வீட்டுப் பரண் வரை வந்து நிற்கும். வாசகர்கள் பொறுமையாக உடன் வர வேண்டுகிறேன்.

புதிய பாணி பிறந்த கதை

பிரேசில் நாட்டின் பழைய தாளம் சம்பா. திருவிழாக் காலத்தில் தெருவெல்லாம் பறை முழங்க ஆடுவது. 1950களின் இறுதியில் ரியோ டி ஜெனீரோ நகரத்து இளைஞர்கள் சிலர், அந்தத் தெரு முழக்கத்தை ஒரு சிறிய அறைக்குள், ஒரே ஒரு கிதாருக்குள் அடக்கிப் பார்த்தார்கள். குரலையும் உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாடினார்கள். அதுவே பாஸா நோவா. 'புதிய பாணி' என்று பொருள் கொள்ளலாம். மெட்டமைத்தவர்களில் முதன்மையானவர் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம். பாட்டெழுதியவர் வினிசியஸ் டி மோரைஸ். இவர் தொழிலால் அரசாங்கத் தூதரக அதிகாரி. கிதாரும் குரலும் ஜுவாவ் ஜில்பெர்ட்டோ. 1958இல் ஜில்பெர்ட்டோ பதிவு செய்த 'ஷேகா டி சவுடாடே' என்ற பாட்டையே இந்தப் பாணியின் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள்.

இந்தத் தாளத்தைப் புரிந்துகொள்ள மேல்நாட்டு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கச்சேரி கேட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவார்கள். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை அட்சரத்துக்கு 2 வீதம் 16 மாத்திரையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்று சொல்லுங்கள். 3, 3, 4, 3, 3. கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கையைத் தட்டுங்கள். அந்த ஐந்து தட்டுகள்தான் பாஸா நோவாவின் முதுகெலும்பு. கிதார் வாசிப்பவரின் கட்டை விரல் சீராகக் காலம் காட்டிக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் அதற்குப் பிடி கொடுக்காமல் இப்படி முன்னும் பின்னுமாக விழும். கட்டை விரல் தாளம் போடும் கை, மற்ற விரல்கள் மிருதங்கம் என்று எண்ணிக்கொண்டால் போதும்.

டிராம் ஓட்டுநரும் கடன் குரலும்

இந்தப் பாணியை உலகம் முழுதும் கொண்டு சென்றது ஒரு திரைப்படம். வினிசியஸ் டி மோரைஸ் 1956இல் ரியோவில் ஒரு நாடகம் அரங்கேற்றினார். கிரேக்கப் புராணத்தில் ஓர்ஃபியஸ் என்ற இசைக்கலைஞன், இறந்த மனைவியை மீட்கப் பாதாள உலகம் வரை போவான். நம் சாவித்திரி கதையைத் திருப்பிப் போட்டது போல. ஆனால் முடிவு சோகம். அந்தக் கதையை ரியோ நகரத்துக் குன்றுகளில் வாழும் ஏழைக் கறுப்பின மக்களிடையே நடப்பதாக அவர் மாற்றினார். நாடகத்துக்கு இசை ஜோபிம். மேடை அமைப்பு, பின்னாளில் பிரேசிலியா என்ற புதிய தலைநகரின் கட்டடங்களை வடிவமைத்த ஆஸ்கார் நீமேயர்.

1959இல் மார்செல் காமு என்ற பிரெஞ்சு இயக்குநர் இதைப் படமாக்கினார். ஆங்கிலத்தில் 'பிளாக் ஆர்ஃபியஸ்'. அந்த ஆண்டே கான் திரைப்பட விழாவில் தலையாய பரிசும், அடுத்த ஆண்டு சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் பரிசும் பெற்றது. படத்தின் கதாநாயகன் ரியோ நகரில் டிராம் ஓட்டுகிறவன். அவனுக்கு வழி சொல்லும் பெரியவர் ஒரு நிலைய அதிகாரி. ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இந்தப் படம் பிடித்துப் போனதற்கு இது ஒன்றே போதாதா!

ஆனால் தட்டு சேர்ப்பவனுக்கு இந்தப் படம் கற்றுத் தரும் பாடம் வேறு. திரையில் டிராம் ஓட்டுநராக நடித்தவர் பிரேனோ மெல்லோ, ஒரு கால்பந்து ஆட்டக்காரர். பாட்டில் ஒலிக்கும் குரல் அவருடையது அல்ல; அகுஸ்தின்யோ டோஸ் சான்டோஸ் என்ற பாடகருடையது. கதாநாயகி மார்பெஸா டான். அவருக்காகப் பாடியவர் எலிசெத் கார்டோசோ. நம் ஊரில் பின்னணிப் பாடகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரேசில் பாட்டை இந்தப் படத்தின் மூலம் முதன்முதலாகக் கேட்ட வெளிநாட்டு ரசிகர்களில் எத்தனையோ பேர், பார்த்த முகமே பாடிய வாய் என்று நம்பியிருந்தார்கள். டோஸ் சான்டோஸ் 1973இல் பாரிஸ் அருகே நடந்த விமான விபத்தில் இறந்து போனார். அவர் குரலைக் கேட்டு மயங்கியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். பெயரைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நம் நாட்டுக் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு வெளியானபோது, இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. காமினி என்பது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! பாடியவர் லதா மங்கேஷ்கர். அப்போது அவருக்கு இருபது வயது.

பெயர் ஒன்று, தட்டு வேறு

பிரேசில் படப் பாட்டு சேர்ப்பதில் உள்ள சிக்கல்களையும் சொல்ல வேண்டும். 'ஓர்ஃபியஸ்' என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தரலாம். 1956 நாடகப் பாட்டுகள் ஒரு தொகுதி. படத் தயாரிப்பாளர் நாடகப் பாட்டுகளை விட்டுப் புதிய பாட்டுகள் கேட்டதால், 1959 படப் பாட்டுகள் முற்றிலும் வேறு தொகுதி. அதிலும் சில ஜோபிம் மெட்டு, சில லூயிஸ் பொன்ஃபா மெட்டு. இன்று உலகம் முழுதும் கிதார் பயில்பவர்கள் வாசிக்கும் 'மன்யா டி கார்னவால்' பொன்ஃபாவினுடையது; பலர் ஜோபிம் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1962இல் வின்ஸ் குவரால்டி என்ற அமெரிக்கப் பியானோக்காரர் இதே பாட்டுகளை ஜாஸ் பாணியில் வாசித்து, அட்டையில் படத்தின் பெயரையும் போட்டு ஒரு தட்டு கொண்டுவந்தார். நல்ல தட்டுதான், ஆனால் படப் பாட்டு அல்ல. 1999இல் கார்லோஸ் தியேகெஸ் இதே கதையை மீண்டும் படமாக்கினார். அதற்கு இசை கேட்டானோ வெலோசோ. ஆக, ஒரே பெயருக்குள் நான்கு வேறு வேறு சரக்கு!

பிரேசிலுக்கு வெளியே எடுத்த படங்களிலும் இந்த இசை புகுந்தது. 1966இல் வந்த 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு இசை பிரான்சிஸ் லே. அதில் பியர் பாரு பாடும் ஒரு பாட்டு மட்டும், பேடன் பவல் மெட்டமைத்து வினிசியஸ் எழுதிய பிரேசில் பாட்டின் பிரெஞ்சு வடிவம். அதே ஆண்டு வந்த 'தி ஜென்டில் ரெயின்' படத்துக்கு இசை பொன்ஃபா. அடுத்த ஆண்டு பிரேசிலிலேயே 'கரோட்டா டி இபனேமா' வந்தது. அதாவது, ஜோபிமின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் பெயரிலேயே ஒரு படம்.

அந்தப் புகழ்பெற்ற பாட்டிலும் ஒரு செய்தி உண்டு. ஸ்டான் கெட்ஸ் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரும் ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து 1963இல் பதிவு செய்து 1964இல் வெளியான நீண்ட தட்டில், முதலில் ஜில்பெர்ட்டோ போர்த்துகீசிய மொழியில் பாடுகிறார். பிறகுதான் அவர் மனைவி அஸ்ட்ருட் ஆங்கிலத்தில் பாடுகிறார். வானொலிக்காகச் சிறிய தட்டாகக் குறுக்கியபோது கணவரின் பகுதியை வெட்டிவிட்டார்கள். சிறிய தட்டை மட்டும் கேட்டவர்களுக்கு அங்கே ஓர் ஆண் குரல் இருந்ததே தெரியாது. நம் தமிழ்ப் படப் பாட்டிலும் இதுதான் கதை. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்கும் சற்று அதிகமாகவே இடம் உண்டு. படத்தில் வரும் ஒரு சரணம் தட்டில் இராது. தட்டில் உள்ளது படத்தில் இராது. எது எங்கிருந்து வந்தது என்று குறித்து வைக்காவிட்டால், இரண்டும் கலந்து எது மூலம் என்பதே மறந்துபோகும்.

பம்பாய், சென்னை, கரமனை

இனி நம் பக்கம் வருவோம். பம்பாய்ப் படங்களின் வாத்தியக் குழுக்களை நடத்தியவர்களில் கோவாக்காரர்கள் பலர். ஆந்தனி கோன்சால்வஸ், செபாஸ்டியன் டிசூசா, சிக் சாக்லேட் என்று அழைக்கப்பட்ட ஆன்டோனியோ வாஸ் ஆகியோர் மேல்நாட்டு முறையில் எழுதி வாசிக்கக் கற்றவர்கள். 1961 வரை கோவா போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்ததால், பிரேசில்காரர்களின் மொழியும் கோவா மக்களுக்குப் புதிதல்ல. பாங்கோ, காங்கா போன்ற லத்தீன் அமெரிக்கத் தாள வாத்தியங்களை இந்திப் படங்களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கவாஸ் லார்ட் என்ற பார்சி கலைஞர். பாஸா நோவா தாளத்தையே எடுத்துக் கையாண்டதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், 1966இல் வந்த 'பதி பத்னி' படத்தில் ஆர்.டி.பர்மன் இசையில் ஆஷா போஸ்லே பாடிய பாட்டு.

சென்னையில் 1952 முதல் 1965 வரை விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலம். எம்.எஸ்.விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர், டி.கே.ராமமூர்த்தி திருச்சிக்காரர். கேரளத் தமிழர்களான நமக்கு இந்தக் கூட்டணியில் எப்போதும் ஒரு தனிப் பெருமை உண்டு. 1964இல் மட்டும் 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' என்ற இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் பி.பி.ஸ்ரீனிவாசும் சுசீலாவும் பாடிய 'அனுபவம் புதுமை' பாட்டுக்கு 'பெசமே மூச்சோ' என்ற பாட்டும், இரண்டாவதில் சுசீலா பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாட்டுக்கு டீன் மார்ட்டின் பாடிய 'ஸ்வே' என்ற பாட்டும் தூண்டுகோல் என்று இசை ரசிகர்கள் சொல்வார்கள்.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். இந்த இரண்டு மூலப் பாட்டுகளும் பிரேசில் நாட்டவை அல்ல, மெக்சிகோவில் பிறந்தவை. நம்மவர்கள் பாங்கோ சத்தம் கேட்டாலே 'பிரேசில்' என்றோ 'லத்தீன்' என்றோ ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். கியூபா, மெக்சிகோ, பிரேசில் மூன்றும் வேறு வேறு ஊர், தாளமும் வேறு. தோடியையும் தன்யாசியையும் ஒன்று என்று சொன்னால் நாம் பொறுப்போமா? ஆனால் வேடிக்கை என்னவென்றால், மெக்சிகோவின் கான்சுவேலோ வெலாஸ்குவெஸ் என்ற பெண்மணி மெட்டமைத்த அதே 'பெசமே மூச்சோ'வை, பாஸா நோவாவின் மூலவரான ஜில்பெர்ட்டோவும் 1977இல் வந்த 'அமரோசோ' தட்டில் தம் பாணியில் பாடியிருக்கிறார். கோடம்பாக்கத்திலும் ரியோவிலும் இருந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். என் அலமாரியில் அந்த இரண்டு தட்டுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிரேசில் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

கொடுக்கல் வாங்கல் ஒரு வழியிலேயே நடந்துவிடவில்லை. கால்பந்து வீரர் பெலேயின் வாழ்க்கையைச் சொல்லி 2016இல் வெளியான ஆங்கிலப் படத்துக்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர்.ரகுமான். பிரேசிலின் கதைக்குத் தமிழர் ஒருவர் இசை! அவர் தந்தை ஆர்.கே.சேகர் மலையாளப் படவுலகில் உழைத்தவர் என்பதைத் திருவனந்தபுரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கரமனைக்கும் தமிழ்ப் படப் பாட்டுக்கும் உள்ள உறவு இவற்றைவிடப் பழையது. 'அசோக்குமார்', 'சிவகவி' போன்ற படங்களில் தியாகராஜ பாகவதர் பாடிய பாட்டுகளை இயற்றிய பாபநாசம் சிவன், இளமையில் திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். கரமனை நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளிலும் பஜனையிலும் தோய்ந்து உருவானவர். பாகவதர் தட்டுகள் தமிழ்நாடெங்கும் ஒலித்த காலத்தில், அவற்றில் இந்த ஆற்றங்கரையின் வாசனையும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் மலையாளத்தில் படித்து வளரும் நம் குடும்பங்களில், "தமிழ்ப் பாட்டுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், சொல்ல இப்படி ஒரு பதில் இருக்கிறது.

தண்டவாளத்தில் உள்ள எழுத்து

தட்டுகளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட் சேர்ப்பவர்களுக்கு ஒரு புண்ணிய க்ஷேத்திரம். வண்டி மாறும் இடைவெளியில் பழைய புத்தகமும் பழைய தட்டும் பார்க்கலாம். 1985 மே மாதம் தீயில் அது அழிந்தது. அந்த இடத்தில்தான் பிறகு புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. பம்பாயில் ரிதம் ஹவுஸ் என்ற கடை வெளிநாட்டுத் தட்டுகளுக்குப் பேர் போனது, 2016இல் மூடிவிட்டார்கள். வளைகுடாவிலிருந்தும் கப்பல் வேலையிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளிலும் எனக்கு நல்ல தட்டுகள் கிடைத்ததுண்டு.

கையில் கிடைத்த தட்டை எப்படி அறிவது? தண்டவாளத்தின் பக்கவாட்டில், உருட்டும்போதே எழுத்துகள் பதிந்து வரும். எந்த ஆலை, எந்த மாதம், எந்த ஆண்டு, எந்த எடைப் பிரிவு எல்லாம் அதில் இருக்கும். நடந்து போகிறவர் கண்ணுக்குப் படாது. பாதையைப் பராமரிப்பவருக்கு அதுதான் ஜாதகம். இசைத்தட்டிலும் அப்படியே. நடுவில் உள்ள லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் பொடியாக ஓர் எண் பொறித்திருக்கும். அந்தத் தட்டு எந்த மூலப் பதிவிலிருந்து அச்சானது என்பதை அது சொல்லும். லேபிள் கிழிந்தாலும் அந்த எண் போகாது.

ஆனால் அந்த எண்ணும் சொல்லாத ஒன்று உண்டு. வாசித்தவர்கள் யார்? விஸ்வநாதன் குழுவில் கிதார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல், அக்கார்டியன் மங்களமூர்த்தி. பின்னாளில் மலையாளத்தில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற சியாம் அந்தக் குழுவில் வயலின் வாசித்தவர். இவர்கள் பெயர் தட்டில் இராது. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பெரும்பாலும் இராது. கேட்டவர்களின் நினைவில்தான் இருந்தது. அந்தத் தலைமுறையோ ஒவ்வொருவராக விடை பெற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போன கதை

நான் அறிந்த ஒரு பெரியவர் கரமனையில் இருந்தார். பெயர் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் தட்டு சேர்த்தவர். இலங்கை வானொலியில் கேட்டது, சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்த உறவினர் சொன்னது, எல்லாவற்றையும் ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்தப் பாட்டில் புல்லாங்குழல் யார், எந்தப் பாட்டை எத்தனை முறை எடுத்தார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். தட்டின் உறையில் பென்சிலால் ஓர் எண் மட்டும் போடுவார், விவரம் நோட்டில்.

அவர் காலமானபின் வெளியூரில் இருந்த பிள்ளைகள் வந்து வீட்டை ஒழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லீவு பத்து நாள்தான். ஆக்ரிக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போனார். தகவல் தெரிந்து மறுநாள் நான் போனபோது தட்டுகளில் ஒரு பகுதி கிடைத்தது. நோட்டு பழைய காகிதக் கட்டோடு போய்விட்டிருந்தது. இன்றும் அந்தத் தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. உறையில் 86, 112, 214 என்று அழகான பென்சில் எண்கள். அவை எதைக் குறிக்கின்றன என்று சொல்ல இனி யாரும் இல்லை. தட்டை இன்னோர் இடத்தில் தேடிப் பிடிக்கலாம். அந்த நோட்டை எங்கே தேடுவது?

சேகரிப்பு என்பது தட்டல்ல, குறிப்புத்தான் என்று நான் சொல்லக் காரணம் இதுவே.

நம் ஊர் ஈரத்தில் காப்பது எப்படி?

கேரளத்து மழைக்கும் இசைத்தட்டுக்கும் ஆகவே ஆகாது. எனக்குத் தெரிந்த சில முறைகளைச் சொல்கிறேன்.

78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். துடைக்க வேண்டுமானால் காய்ச்சி வடித்த தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். லேபிள் நனையக் கூடாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். புத்தகம் போல நிமிர்த்தி, சாயாமல் வையுங்கள். அட்டையில் பூஞ்சை வந்திருந்தால் அந்தத் தட்டை முதலில் தனியே பிரித்துவிடுங்கள்.

78 சுற்றுத் தட்டை நீண்ட தட்டுக்கான ஊசியில் ஓட்டாதீர்கள். அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி வேண்டும். நீண்ட தட்டின் ஊசி ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும்.

கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்; உள்ளே காந்தம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் ஓட்டிச் சுற்றி வையுங்கள். நாடாவில் வெள்ளைப் பொடி கண்டால் ஓட்டாதீர்கள். அந்தப் பூஞ்சை கருவி வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

கணினிக்கு மாற்றும்போது சுருக்காத முழு வடிவில் ஒரு பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். கைப்பேசியில் கேட்கச் சுருக்கிய பிரதி போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும். தட்டு நம்முடையது என்பதால் பாட்டு நம்முடையது ஆகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை. வீட்டில் காப்பது வேறு, ஊருக்கு வெளியிடுவது வேறு.

வீட்டில் வைத்துக் காக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கோட்டயம் மாவட்டம் பிளாசநாலில், வனத்துறை சார்ந்த பணியிலிருந்து ஓய்வு பெற்ற சன்னி மாத்யூ என்பவர் 2015இல் ஒரு கிராமபோன் காட்சியகமே அமைத்தார். சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ்ப் புத்தகங்களுடன் இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது. எடைக்குப் போடும் முன் இப்படிப்பட்ட இடங்களை ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில்

"எங்கள் வீட்டில் பிரேசில் தட்டெல்லாம் இல்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். பிரேசில் வேண்டாம். வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றின் பரணிலும் ஒரு கேசட் பெட்டி இருக்கிறது. அதில் பாதி கடையில் வாங்கியது. அது எங்கேயும் கிடைக்கும். மறு பாதி நாமே பதிவு செய்தது. வானொலியில் பிடித்த பாட்டு, நவராத்திரிக் கொலுவில் அத்தை பாடியது, துபாயிலிருந்த மகனுக்குப் பாட்டி பேசி அனுப்பிய கடிதக் கேசட். அது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் எழுதியிராது. இருந்தால் 'பலவகை' என்று இருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஆறு பத்தி கோடு போடுங்கள். என்ன பாட்டு அல்லது பேச்சு, எந்த ஆண்டு, எந்தப் படம் அல்லது எந்த விசேஷம், யார் குரல், யார் வாசித்தது, யாரிடமிருந்து நம்மிடம் வந்தது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். பேரப்பிள்ளைகள் எழுதட்டும். தமிழ் எழுத வராத பிள்ளையாக இருந்தால் மலையாளத்தில் எழுதட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெரியவர் சொல்லும்போது எழுதிக்கொள்வதுதான் முக்கியம்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இந்த நோட்டும் பெட்டியும் பிரிக்கக் கூடாது." பென்சிலில் அல்ல, மையில்.